கேட்டு நகர்த்திய நாற்காலி

மார்செல்லா ஹூடக் பட்டம் வாங்கியபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. அதற்கு முன்னால் பல வருடங்கள் பிட்ஸ்பர்க் நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சின்ன ஜன்னல் மாதிரி இருந்த ஒரு கடையில் காபியும், ஹாம் என்கிற பன்றியிறைச்சி சீவி வைத்த சாண்ட்விச்சும் விற்றுக்கொண்டிருந்தாள். மேலே மூன்று மாடிகளில் வழக்கு நடக்கும். நடந்து முடிந்ததும் வக்கீல்கள் மின்தூக்கியில் ஏறி எங்கோ போய்விடுவார்கள். கட்சிக்காரர்கள் படியிறங்கிக் கீழே வருவார்கள். வந்தவர்களுக்குக் கண்ணில் படுகிற முதல் மனித முகம் மார்செல்லாவுடையது.

"ஒத்தி வெச்சிருக்குன்னு சொன்னாங்கம்மா. அப்படின்னா பையனை விட்டுட்டாங்களா?" என்று ஒரு தாய் கேட்பாள்.

"இல்லக்கா. இன்னொரு நாளைக்கு வரச் சொல்றாங்க."

"அப்ப இன்னைக்கு லீவு போட்டுட்டு வந்தது?"

"அதை மேலதான் கேக்கணும்க்கா. கடுகு சாஸ் போடவா?"

இதையெல்லாம் அவள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அண்ணன் ரீஜிஸிடம் சொல்வாள். ரீஜிஸ் நகரப் பேருந்துப் பணிமனையில் பிரேக் வேலை பார்ப்பவன். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டவன். ஆனால் அவனுடைய திருகாணிகள்கூட அளவு வாரியாகக் கண்ணாடிச் சீசாக்களில் வரிசையாக நிற்கும். அம்மா ஃப்ளோரிடாவில் வெயில் காய்ந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போனில் வருவாள். வீட்டில் அண்ணனும் தங்கையும்தான்.

"எல்லாரும் என்கிட்ட வந்து கேக்கறாங்கண்ணே. ஹாம் சீவிப் போடறவகிட்ட!"

"அப்ப படிச்சிட்டு வந்து சொல்லு. அழுதுகிட்டே ஹாம் சீவாத, விரல் போயிடும்."

அவன் கேலியாகத்தான் சொன்னான். அவள் மறுநாளே பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்துவிட்டாள். படிப்பின் பெயர் குற்றவியல் நீதி. பகலில் கடை, சாயங்காலம் வகுப்பு. நாலு வருடப் படிப்பு அவளுக்கு ஏழு வருடம் ஆனது.

முதல் நாள் வகுப்பில் அவளைச் சுற்றிப் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். யார் யார் என்ன ஆகப்போகிறீர்கள் என்று பேராசிரியர் லாஷ் கேட்டபோது பாதிப் பேர் எஃப்.பி.ஐ. என்றார்கள். மீதிப் பேர் கொலை நடந்த இடத்தில் தரையைப் பார்த்தே கொலைகாரனின் உயரத்தைச் சொல்லப்போவதாகச் சொன்னார்கள். மார்செல்லாவின் முறை வந்தது.

"மேல் மாடியில என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க வந்தேன்," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். லாஷ் சிரிக்கவில்லை. "எனக்கே இன்னும் சரியாத் தெரியாது. உக்காருங்க, சேர்ந்து பார்ப்போம்," என்றார்.

படிப்பு அவள் நினைத்த மாதிரி இல்லை. ஒரு வீட்டுக்குள் அனுமதி இல்லாமல் போலீஸ் எப்போது நுழையலாம், எப்போது நுழையக்கூடாது என்பதற்கே ஒரு பருவம் போயிற்று. புள்ளியியல் பாடத்தில் அவள் இரண்டு முறை அழுதாள். ஒரு முறை வகுப்பில், ஒரு முறை சமையலறையில். பிடித்த பாடம் அறிக்கை எழுதுவது. அதில் லாஷ் ஈவிரக்கம் பார்க்கமாட்டார். 'சந்தேகப்படும்படியாக நின்றான்' என்று அவள் எழுதியதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'எப்படி நின்றான்?' என்று பக்கத்தில் கேட்டிருந்தார். அன்றிலிருந்து அவள் அறிக்கைகளைச் சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படிப்பாள். முட்டைக்கோஸ் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே ரீஜிஸ் கேட்பான்.

"அவன் கை எங்க இருந்துச்சு?"

"பாக்கெட்ல."

"அத எழுதலியே."

"எழுதறேண்ணே, எழுதறேன். நீ அடுப்பைப் பாரு, தீயுது."

மூன்றாம் வருடத்தில் ஒருநாள் கதவு தட்டும் பயிற்சி நடந்தது. நன்னடத்தை அதிகாரி ஆனாலும், போலீஸ் ஆனாலும், சாட்சியைத் தேடிப் போகிறவர் ஆனாலும் வாழ்நாளில் பாதி அடுத்தவர் கதவுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும் என்று சொல்லி, லாஷ் ஒவ்வொருவரையும் வகுப்பறைக் கதவுக்கு வெளியே அனுப்பித் தட்டச் சொன்னார். பிரைஸ் என்கிற உயரமான பையன் முஷ்டியால் இடித்தான். சுவரிலிருந்த கடிகாரம் ஆடியது.

"நல்லா இருக்கு பிரைஸ். உள்ள இருந்தவன் பின்வாசல் வழியா இந்நேரம் அடுத்த தெருவுக்குப் போயிருப்பான்," என்றார் லாஷ்.

மார்செல்லா தட்டியபோது உள்ளே ஒரே சிரிப்பு.

"என்னக்கா இது, கடன் வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்க வந்த மாதிரித் தட்டறீங்க!" என்றான் பிரைஸ்.

"உள்ள எத்தனை பேருக்குக் கதவைத் திறக்கணும்னு தோணுச்சு?" என்று லாஷ் கேட்டார். சிரித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் கை தூக்கினார்கள். பிரைஸும் தூக்கினான். அவன் நல்ல பையன். இப்போது போலீஸ் பயிற்சியில் விடியற்காலையில் ஓடிக்கொண்டிருக்கிறான். படிப்பு முடிகிறவரை அக்கா, அக்கா என்று அவளிடம்தான் பாடக் குறிப்புகளைக் கேட்டு வாங்கினான்.

கடைசி வருடத்தில் அவளைப் பயிற்சிக்காக நகரின் தெற்கே, மலைமேல் இருக்கும் சிறார் நன்னடத்தைக் கிளை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். தப்புச் செய்த பிள்ளைகளைச் சிறையில் போடாமல் வீட்டிலேயே வைத்து, பள்ளிக்கூடம் போகிறானா, வேலைக்குப் போகிறானா, சாயங்காலம் வீடு திரும்புகிறானா என்று போய்ப் பார்த்து, நீதிபதிக்குச் சொல்லும் வேலை. அதிகாரிகளின் பின்னால் அவள் அந்தத் தெருக்களில் ஏறி இறங்கினாள். சில வீடுகளில் கதவைத் திறக்கவில்லை. சில வீடுகளில் திறந்து, காபி கொடுத்து, பையன் இல்லாத நேரத்தில் அவனைப் பற்றி உண்மையைச் சொன்னார்கள். பயிற்சி முடிந்த நாளில் அவளுக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அவளுக்கு வேண்டியது இந்த வேலை, இந்த அலுவலகம், இந்த மலை.

பட்டம் கையில் வந்த பிறகும் ஒரு வருடம் ஹாம் சீவிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பிப்ரவரியில் அந்தக் கிளையில் ஓர் இடம் காலியானது. ஒரே ஒரு இடம். நேர்காணலுக்கு ஏழு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். இதை விட்டால் அடுத்த இரண்டு வருடத்துக்கு ஆள் எடுக்கப்போவதில்லை என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

நேர்காணலுக்கு முந்தின வாரம் முழுவதும் சமையலறைதான் தேர்வு அறை. ரீஜிஸ் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அதிகாரி வேஷத்தில் உட்கார்ந்தான்.

"உங்களோட பலவீனம் என்ன?"

"அண்ணன்."

"விளையாடாத. ஏழு பேரு வராங்க. ஆறு பேரு உன்னைவிடச் சின்னவங்க."

"அது தெரியும்ணே. அதைத்தான் ஒரு வாரமா சொல்லிக்கிட்டே இருக்க."

அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளுடைய காலணிகளை எடுத்துவைத்துக்கொண்டான். பேச்சு முடிகிறவரை துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

நேர்காணலுக்கு முந்தின நாள் பனி கொட்டித் தீர்த்தது. காலையில் பார்த்தால் அவளுடைய சின்னக் கார் பனி தள்ளும் வண்டி ஒதுக்கிய குவியலுக்கு அடியில் கிடந்தது. ரீஜிஸின் பிக்கப் வண்டியை மட்டும் இருவரும் சேர்ந்து தோண்டி எடுத்தார்கள். அவன் கண்ணாடியைச் சுரண்டி, சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, தான் பேருந்தில் போவதாகச் சொன்னான்.

"நீ கெளம்பினதும் நாற்காலியைப் போட்டுட்டுப் போ. மறந்துடாத."

"நான் என்ன, வேற ஊர்லயா பொறந்தேன்?"

வண்டியை வெளியே எடுத்ததும் அவள் இறங்கி, சமையலறையின் கால் ஆடுகிற பழைய மர நாற்காலியைக் கொண்டுவந்து, தாங்கள் பனி வாரிய இடத்தின் நடுவில் வைத்தாள். பனி வாரியவருக்கே இடம், நாற்காலிதான் அதற்கு அடையாளம் என்பது அந்த ஊர் வழக்கம்; இனி சாயங்காலம்வரை அது அவர்கள் இடம். அந்தத் தெருவில் எவனும் தொடமாட்டான். தொட்டவன் வண்டியின் டயர்கள் மறுநாள் காலையில் எந்த நிலையில் இருக்கும் என்று யாரும் வாயால் சொல்வதில்லை.

ஒன்பதரை மணிக்கு நேர்காணல். அரை மணி நேரம் முன்னதாகவே மலைமேல் போய்விட்டாள். அலுவலகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் வண்டிக்குப் பதிலாக ஒரு வெள்ளைக் குன்று நின்றது. மலையடியில் காசு கொடுத்து நிறுத்துகிற இடத்தில் 'நிரம்பிவிட்டது' என்று பலகை. மேல் தெரு, கீழ்த் தெரு, குறுக்குச் சந்து எல்லாம் சுற்றினாள். எங்கும் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. மறுபடி அலுவலகத்துக்கு எதிர்ச் சரிவில் இறங்கியபோதுதான் அந்த இடம் கண்ணில் பட்டது. தார் தெரியும்வரை சுத்தமாக வாரிய, அளவெடுத்த மாதிரி ஓர் இடம். நடுவில் மஞ்சள் மெத்தை வைத்த நாற்காலி. அதன் கைகளுக்குக் குறுக்கே ஒரு துடைப்பம், கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அந்தத் தெருவில் இன்னும் சில காலி இடங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி, அல்லது ஏதோ ஒரு பழைய சாமான்.

பின்னால் சாமான் கொண்டுவரும் வண்டிக்காரன் ஒலிப்பானை அழுத்தினான். "ஏம்மா, தூக்கிப் போட்டுட்டு நிறுத்தும்மா! வழியை அடைச்சிக்கிட்டு நிக்கிற!"

"நீங்க தூக்கிப் போடுவீங்களா?" என்று கத்தினாள் மார்செல்லா.

அவன் நாற்காலியைப் பார்த்தான். பிறகு எதிர்ப்பக்கம் பார்த்தான். ஓரமாக ஒதுங்கிப் போய்விட்டான்.

சட்டம் அவளுக்குத் தெரியும். தெரு நகரத்துடையது. நாற்காலிக்கு எந்த உரிமையும் கிடையாது. எழுதாத விதிகளைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதி லாஷிடம் சுமாரான மதிப்பெண் வாங்கியவள் அவள். இறங்கி, நாற்காலியை நடைபாதையில் வைத்துவிட்டு, சட்டப்படி நாள் முழுக்க நிறுத்திக்கொள்ளலாம். போனை எடுத்தாள். அண்ணன் ஏதோ பேருந்துக்கு அடியிலிருந்து பேசினான்.

"அண்ணே, ஒரே ஒரு வழிதான் இருக்கு. நாற்காலி கெடக்கற இடம்."

மறுமுனையில் ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "தொட்டியா?"

"இல்ல."

"தொடாத. என் வண்டிக்கு நாலு டயரும் வேணும்."

"நேர்காணல் போயிடும்ணே!"

"நாற்காலிக்கு வாய் இல்ல. அதுகிட்ட ஏன் பேசிட்டு நிக்கிற?" என்றான் ரீஜிஸ்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் வண்டியை விட்டு இறங்கியிருந்தாள். விளக்குகளைச் சிமிட்டவிட்டு, எதிரே இருந்த செங்கல் வீட்டின் படியேறினாள். கதவைத் தட்டினாள். அதே தட்டல், பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்த தட்டல்.

கதவு ஒரு சாண் திறந்தது. பூப்போட்ட வீட்டு அங்கியில், ஐம்பது ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்.

"யாரு? மின்சாரமா?"

"இல்லக்கா. உங்க நாற்காலி விஷயமா வந்தேன்."

"எடுத்துட்டியா!" கதவு முழுக்கத் திறந்துகொண்டது.

"தொடவே இல்லக்கா! அதோ பாருங்க, அப்படியே இருக்கு. ஒரு மணி நேரம் நிறுத்திக்கலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

அந்தப் பெண் நாற்காலியைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், பளபளக்கும் காலணிகளைப் பார்த்தாள். "கேக்கறியா? இந்தத் தெருவுல இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்ல. எடுக்கறவன் எடுப்பான், சண்டை வரும். எடுக்காதவன் போயிடுவான். கேக்கலாம்னே எனக்கு இப்பத்தான் தெரியும்."

அவள் பெயர் ஜீனெட் பெட்ராக்கா. கணவர் சால் டயாலிசிஸுக்குப் போயிருந்தார். மருமகன் அவரைப் பதினோரு மணிக்குக் கொண்டுவந்து விடுவான். ரத்தம் சுத்தம் செய்த நாளில் அவரால் வாசற்படி ஏறுவதே பெரிய காரியம். அதற்காகத்தான் ஜீனெட் விடியற்காலையிலிருந்து பனி வாரியிருக்கிறாள்.

"பத்தே முக்காலுக்கு எடுத்துடறேன்க்கா. சாவியை வேணா உங்ககிட்டயே குடுத்துட்டுப் போறேன்."

"எனக்கு ஓட்டத் தெரியாது. சாவியை வெச்சுக்கிட்டு நான் என்ன, ஊறுகாயா போடறது? நீயே வந்து எடு. அப்படி என்ன தலைபோற அவசரம்?"

"வேலைக்கு நேர்காணல்க்கா. எதிர்ல, சிறார் நன்னடத்தை ஆபீஸ்ல."

"என் தங்கச்சி மகன் பின்னாடியே ஒரு வருஷம் சுத்தினாங்களே, அவங்களா?"

"அவங்கதான்."

"பாவம் அவங்க," என்றாள் ஜீனெட். "சரி, நிறுத்து. பத்தே முக்கால். நான் ஜன்னல்லதான் இருப்பேன்."

ஓடிப் போய் மூச்சு வாங்க உட்கார்ந்தால், நேர்காணல் தொடங்கவே இல்லை. தேர்வுக் குழுவில் இருவர். ஒருவர் கிளைத் தலைவி ஓபல் டிரென்ட். இருபது வருடமாக அந்த மலையில் வேலை பார்ப்பவர். இன்னொருவர் தலைமை அலுவலகத்திலிருந்து வரவேண்டிய ஹால்வர்சன். அரிசோனாவிலிருந்து வந்து அவருக்கு இதுதான் முதல் பனிக்காலம். மலையேறும் வளைவில் அவர் கார் வழுக்கி ஒரு குப்பைத் தொட்டிமேல் சாய்ந்து நிற்பதாகச் செய்தி வந்தது.

"எந்த நிமிஷமும் வந்துடுவாரு. யாரும் எழுந்து போயிடாதீங்க, ப்ளீஸ்," என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

மார்செல்லாவைக் கூப்பிட்டபோது பத்தரை ஆகியிருந்தது.

முதல் கேள்விகள் நன்றாகவே போயின. சொன்ன நேரத்துக்குச் சந்திக்க வராத பையனை என்ன செய்வீர்கள் என்று ஓபல் கேட்டார். முதலில் அவன் எந்தப் பேருந்தில் வரவேண்டும், அது ஓடுகிறதா என்று பார்ப்பேன் என்றாள். ஓபல் ஏதோ குறித்துக்கொண்டார். ஹால்வர்சன் ஈரமான காலுறையோடு மேஜைக்கடியில் கால்களைத் தேய்த்துக்கொண்டே, அறிக்கை எழுதுவதைப் பற்றிக் கேட்டார். பாக்கெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றவனின் கதையைச் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஏழு வருடமாக ஏறிவந்த படியில் கடைசிப் படி காலுக்கடியில் இருப்பது மாதிரி இருந்தது அவளுக்கு.

அப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது.

பேசாமல் இருந்துவிடலாம். இன்னும் கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஜீனெட் பெட்ராக்காவை வாழ்க்கையில் இன்னொரு தடவை பார்க்க வேண்டிய அவசியம்கூட வராமல் போகலாம்.

"மன்னிக்கணும். நான் பத்து நிமிஷம் வெளிய போய்ட்டு வரணும்."

"உடம்புக்கு ஏதாவது?" என்றார் ஹால்வர்சன்.

"இல்ல சார். வண்டியை எடுக்கணும்."

"பார்க்கிங் மீட்டரா? பரவாயில்லை, ஒரு அபராதம்தானே."

"மீட்டர் இல்ல சார். நாற்காலி."

ஓபல் டிரென்டின் பேனா நின்றது. மார்செல்லா சுருக்கமாகச் சொன்னாள். பனி, மஞ்சள் நாற்காலி, டயாலிசிஸ், பத்தே முக்கால். ஹால்வர்சன் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த இடம் சட்டப்படி யாருது?"

"நகரத்தோடது சார்."

"அப்ப நீங்க அங்க நிறுத்தறதுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்."

"வேண்டாம் சார். நாள் பூரா நிறுத்தலாம்."

"அப்புறம் என்ன?"

"எடுத்துடறேன்னு சொல்லிட்டேன் சார்."

"வெளிய இன்னும் ஆட்கள் காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க எழுந்து போனா அடுத்தவரைக் கூப்பிடவேண்டியிருக்கும். இது எல்லாருக்கும் ஒரே விதி. புரியுதா?"

"புரியுது சார்," என்றாள். ஓபல் பக்கம் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே வந்தாள்.

ஜீனெட் சொன்னபடி ஜன்னலில் நின்றிருந்தாள். மார்செல்லா வண்டியைத் தெருவுக்கு எடுத்து, இறங்கி, நாற்காலியை இருந்த இடத்தில் வைத்து, துடைப்பத்தைக் குறுக்கே பழையபடி கட்டினாள். குளிரில் முடிச்சு விழ மறுத்தது.

ஜீனெட் வாசலுக்கு வந்துவிட்டாள். "முடிஞ்சுதா? வேலை கெடச்சுதா?"

"பாதியில எழுந்து வந்துட்டேன்க்கா."

"பாதியிலயா?" ஜீனெட் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டாள். "அடிப் பைத்தியக்காரி! வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஏதாவது பண்ணியிருப்பேனே! கோட்டு எங்கடி?"

பிறகு அவள் அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தெருவைப் பார்த்து ஒரு குரல் விட்டாள். தெருவின் மறுகோடிவரை கேட்டிருக்கும்.

"டொமினிக்! ஏய் டொமினிக்! உன் நாற்காலியை எடு!"

மூன்று வீடு தள்ளி ஒரு மாடி ஜன்னல் திறந்தது. "எதுக்கு எடுக்கணும்?"

"எடுன்னா எடு! இந்தப் பொண்ணு நிறுத்தணும். சாயங்காலம்வரைக்கும்!"

"யாரு இது? உங்க சொந்தமா?"

"ஆமா, சொந்தம்தான்! கீழ எறங்கி வா!"

செருப்பும் கம்பளித் தொப்பியுமாக வந்த டொமினிக், முணுமுணுத்தபடி தன் மடக்கு நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். மார்செல்லா அங்கே நிறுத்தி இறங்குவதற்கும், ஒரு நீலக் கார் மஞ்சள் நாற்காலிக்கு முன்னால் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. ஜீனெட் நாற்காலியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். முன் இருக்கையில் ஒரு பருமனான மனிதர், கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார்.

அலுவலகத்தில் அவள் இருந்த நாற்காலியில் வேறொரு இளைஞன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். கதவின் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவள் கோட்டு மட்டும் வரவேற்பு மேஜைக்கு வந்திருந்தது.

"போகலாமா, இருக்கணுமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலீங்க," என்றாள் வரவேற்பில் இருந்தவள்.

ஒன்றும் சொல்லாவிட்டால் இருக்கலாம் என்று மார்செல்லா உட்கார்ந்தாள். ஒருவர் போக ஒருவர் வந்தார்கள். மதியம் ஆயிற்று. அண்ணன் செய்தியில் ஒரு கேள்விக்குறியை மட்டும் அனுப்பியிருந்தான். 'டயர் நாலும் இருக்கு' என்று பதில் போட்டாள்.

கடைசி ஆளும் போன பிறகு ஓபல் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் இருக்கீங்களா? உள்ள வாங்க. உங்களுக்கு மிச்சம் இருந்த நிமிஷங்களை மட்டும்தான் தருவோம். ஒண்ணுகூடக் கூடுதலா இல்ல."

ஹால்வர்சன் ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தார்.

"நேரா கேக்கறேன். உங்களுக்கு இந்த வேலை முக்கியமா, அந்த நாற்காலி முக்கியமா?"

"வேலைதான் சார். அதனாலதான் போனேன்." பேசத் தொடங்கிய பிறகுதான் என்ன சொல்லப்போகிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. "இந்த வேலைக்கு வந்தா, இந்தத் தெருவுல இதே கதவுங்களைத்தான் நான் தட்டணும். அந்தக்கா எனக்கு முதல் தடவையா கதவைத் திறந்தாங்க. சட்டம் தெரிஞ்சவ ஒருத்தி சொன்ன வார்த்தையைக் காப்பாத்தலைன்னா, அவங்க அதைப் பக்கத்து வீட்டுல சொல்லுவாங்க. அப்புறம் அந்த வரிசையில யாரு வீட்டுக் கதவும் எனக்குத் திறக்காது. பையனை எங்கன்னு போய்த் தேடுவேன்?"

ஹால்வர்சன் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்த்தார். ஒழுங்காக வாரிய இடங்களில் நாற்காலிகள், ஒரு பழைய மீன்தொட்டி, ஒரு குழந்தைகள் சைக்கிள். காலையில் வந்தபோது யாரோ தெருவில் குப்பை போட்டிருக்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"இதையெல்லாம் யாரும் எடுக்கமாட்டாங்களா?" என்று ஓபலிடம் கேட்டார்.

"என் வீட்டு வாசல்ல இப்ப இஸ்திரி மேஜை நிக்குது," என்றார் ஓபல்.

"நீங்களுமா?"

"நானும்தான். நிமிஷம் முடிஞ்சுது மிஸ் ஹூடக். போய்ட்டு வாங்க."

அன்று சாயங்காலம் ரீஜிஸ் எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டான். நடுவில் இரண்டு முறை, "துடைப்பத்தைப் பழையபடியே கட்டினியா?" என்று மட்டும் கேட்டான். கட்டினேன் என்றாள். நேர்காணலைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவள் தூங்கப் போன பிறகு காலணிகளை எடுத்து, உப்புக் கறை போகத் துடைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி பாலிஷ் போட்டு வைத்தான்.

அடுத்த வார வெள்ளிக்கிழமை, தேவாலயக் கூடத்தில் தவக்காலத்து வெள்ளிகளில் போடும் மீன் வறுவலுக்கு இருவரும் வரிசையில் நின்றிருந்தபோது போன் வந்தது. ஓபல் டிரென்ட்தான். மார்செல்லா ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "ஆமா மேடம்... சரி மேடம்... திங்கக்கிழமை வரேன் மேடம்," என்றாள். போனை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

ரீஜிஸுக்கு அது போதுமாக இருந்தது. மீன் பரிமாறிக்கொண்டிருந்தவரிடம், "இது என் தங்கச்சி. கோர்ட்டு ஆபீசர்," என்றான்.

"இன்னும் சேரலண்ணே!"

"திங்கக்கிழமை சேருவா," என்று அவன் திருத்திச் சொன்னான். "ரெண்டு மீனாப் போடுங்க."

வேலையில் சேர்ந்து மூன்றாவது வாரம் மறுபடி பனி. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஹால்வர்சன், மற்றவர்கள் போனதும் அவள் மேஜையருகே தயங்கி நின்றார். முந்தின நாள் ராத்திரி தன் வீட்டு வாசலைப் பாடுபட்டு வாரியிருக்கிறார். கடைக்குப் போய்ப் பால் வாங்கிவருவதற்குள் வேறொருவன் வண்டியை நிறுத்திவிட்டானாம்.

"எந்த மாதிரி நாற்காலி வைக்கணும்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "புதுசா வாங்கணுமா?"

"புதுசு வேண்டாம் சார், அதைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. கொண்டுவரேன்."

அன்று சாயங்காலம் ரீஜிஸ் கால் ஆடுகிற அந்த மர நாற்காலியைச் சமையலறை மேஜைமேல் தலைகீழாகக் கவிழ்த்தான். சீசாக்களைத் திறந்து திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அளவு பார்த்தான்.

"தெருவுல போடறதுக்குத்தானேண்ணே. அதுல யாரும் உக்காரப் போறதில்ல."

"இருக்கட்டும். உன் ஆபீஸுக்குப் போகுது," என்றான் அவன். திருகாணியை முடுக்கி, நாற்காலியை நிமிர்த்தித் தரையில் வைத்து, நான்கு மூலையிலும் அழுத்திப் பார்த்தான். ஆடவில்லை. அப்புறமும் திருப்தி வராமல், தங்கையைக் கூப்பிட்டு அதில் உட்காரச் சொன்னான்.